மறியலில் பிடித்த இருமல்

லண்டனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், ஒரு கிள்ளு மிளகாய்த்தூளை வெறும் வாயில் போட்டு விழுங்கியதுதான்.

விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒருவர் என் பையைத் திறக்கும்படி கையால் காட்டினார். உள்ளே இடித்த தூள், பனங்கட்டி, கருவாடு, மகளின் பிள்ளைகளுக்குப் பருத்தித்துறை வடை. அவர் தூள் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஏதோ கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் விளங்காது. ஆனால் சீருடை போட்டவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். பையை வாங்கிக் கட்டை அவிழ்த்து, ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. அந்த மனிதர் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலுக்கு ஓடினார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்:

"அம்மம்மா, உங்களைத் தின்னச் சொல்லேல்லை. என்ன தூள் எண்டு கேட்டவர், அவ்வளவுதான். உங்கட முகத்தைப் பாத்தே கறித்தூள் எண்டு நம்பீட்டாராம். போகட்டாம்."

வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். இது மறியல், அதாவது சிறை, எனக்குப் பழக்கிவிட்ட பழக்கம். மகன் றெஜி தெற்கே ஒரு மறியலில் கிடந்த காலத்தில், நான் கொண்டுபோகும் ஒவ்வொரு கறியையும் காவலருக்கு முன்னால் நானே முதலில் தின்று காட்டவேண்டும். பெற்றவள் நஞ்சு வைத்துவிடுவாளாம். வாழைப்பழம்கூட நான் கடித்த பிறகுதான் உள்ளே போகும். அந்தக் கடித்த பழத்தைத்தான் என் பிள்ளை வருசக்கணக்காகத் தின்றான்.

மருமகன் அன்ரன் கார் கொண்டுவந்திருந்தார். அவர் முதலில் ஜேர்மனியில் இருந்து, பிறகு லண்டனுக்கு வந்து வயரிங் வேலை செய்கிறவர். அவர்கள் வீடு இருக்கிற செவன் கிங்ஸ் போய்ச் சேரும்வரை தெருவைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். "ஜேர்மனியிலை எண்டால் மாமி, இப்பிடிக் குறுக்கை விடேலாது. பிடிச்சு உள்ளை போட்டிடுவான்."

உள்ளே போடுவது என்ற பேச்சு வந்ததும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்தான் கேட்டேன்.

"தம்பி, றெஜிக்கு எப்பிடி இருக்கு?"

"இருக்கிறான் மாமி. சாப்பிடுறானில்லை. வீட்டை போகப்போறன், விடுங்கோ எண்டு நிக்கிறான். டொக்டர் சொல்லிப்போட்டார், அவன் வெளிக்கிட்டால் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு எடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து போடுவினமாம். இஞ்சை சட்டம் அப்பிடி. மற்றச் சனத்துக்குத் தொத்தக் கூடாதெல்லே."

எந்த வழக்கும் இல்லாமல் சந்தேகத்தில் பிடித்து, கோர்ட்டுக்கும் மறியலுக்குமாக இழுத்தடித்த பிள்ளை அவன். அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை தொடங்கி, யாழ்ப்பாணப் பாதை திறந்து, பிடித்து வைத்த பெடியன்களை விட்டபோது அவனும் வெளியே வந்தான். வரும்போது மறியலில் பிடித்த கசத்தையும், அதுதான் காசநோயையும், கொண்டுவந்தான். லண்டனுக்கு வந்த பிறகு கிளினிக்கில் மருந்துக் குளிசை கொடுத்தார்கள். மாதக்கணக்காகக் குடித்தும் நோய் போகவில்லை. சளியோடு இரத்தம் வந்ததும் ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டுவிட்டார்கள். அம்மா வந்தாலாவது சாப்பிடுவான், அடங்கி இருப்பான் என்றுதான் மகள் ஜெனிற்றா என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னொண்டு மாமி," என்றார் மருமகன் வீட்டு வாசலில். "ஆரும் கேட்டால் நெஞ்சிலை சளி எண்டு சொல்லுங்கோ. கசம் எண்டு வாய் தவறியும் விட்டிடாதேங்கோ. பிறகு எங்கட வீட்டிலை ஒருத்தரும் தேத்தண்ணி குடியாயினம்."

அடுத்த நாள் மகள் வேலைக்கு லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். விடியவே எழும்பி இடியப்பம் அவித்து, சொதி வைத்து, முட்டை பொரித்து, மீனை முள் எடுத்துக் குழம்பு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கண்ணாடிப் பைகளில் தனித்தனியாகக் கட்டினேன்.

"ஏனம்மா இப்பிடிக் கட்டுறீங்கள்? டப்பா கிடக்கெல்லே."

"உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியவேணும் பிள்ளை. இல்லாட்டிக் கையை விட்டுக் கிண்டுவங்கள்."

அவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றுவிட்டேன். முன்பக்கம் பழைய கட்டடம். சிவப்புக் கல், வளைந்த ஜன்னல், நடுவில் கோபுரம்போல ஒன்று, அதில் மணிக்கூடு. அந்த மறியலின் முகப்பும் இதேதான். அதையும் வெள்ளைக்காரன்தான் கட்டினான். ஒரே மேசன் கட்டியதுபோல இருந்தது. என்ன வித்தியாசம் என்றால், இங்கே கட்டியவன் பின்னால் புதிதுபுதிதாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போயிருக்கிறான். அங்கே விட்டுப்போனதை நாங்கள் அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனோம்.

றெஜியின் அறைக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்கலாம். இடையில் நிற்கிற இடத்தில் மிஸி, அதாவது நேர்ஸ், எங்களுக்கு முகமூடி தந்தா. கறுப்பு மனிசி, நல்ல உயரம், பெயர் கிரேஸ் என்றார்கள். அவ என் பையைப் பார்த்து ஏதோ கேட்டதுதான் தாமதம், நான் முகமூடியை இறக்கி, பைகளை அவிழ்த்து, இடியப்பத்தில் ஒரு துண்டு, சொதியில் ஒரு விரல், மீனில் ஒரு கிள்ளு என்று வாயில் போடத் தொடங்கிவிட்டேன்.

"ஐயோ அம்மா, விடுங்கோ!" என்று மகள் கையைப் பிடித்தாள். பிறகு அந்த மிஸிக்கு இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். அந்த மனிசி என் கையிலிருந்த பைகளை வாங்கித் திருப்பிக் கட்டினா. பிறகு சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: "இஞ்சை ருசி பாக்கிற வேலை தன்ரையாம். உங்களுக்கு ஒரு துண்டும் இல்லையாம்." அவ தன் முகமூடியைத் தட்டிக் காட்டி, நோய்க்காரன் இருக்கிற இடத்தில் வாய் மூடியே இருக்கவேண்டும் என்று கையால் சொன்னா. நான் பயத்தில் தலையாட்டினேன்.

என் பிள்ளை கட்டிலில் சுருண்டு கிடந்தான். தோள்மூட்டு மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது. அறை பெரியது. டிவி, தனிக் கக்கூஸ், வெந்நீர்க் குழாய், வெள்ளை விரிப்பு. கூரையில் ஒரு பெட்டி காற்றை உறிஞ்சி இரைந்தபடி இருந்தது.

"எவ்வளவு வசதியடா ராசா," என்றேன்.

"கதவுக்கு இந்தப் பக்கம் பிடி இருக்கு, பாத்தீங்களே? ஆனா வெளிக்கிட ஏலாது. அங்கை எண்டாலும் ஆக்கள் இருந்தினம் அம்மா."

ஆட்கள் இருந்தார்கள். அது உண்மை. கால் நீட்ட இடமில்லாமல் அவ்வளவு ஆட்கள். பாதிப் பேர் படுக்க, பாதிப் பேர் சுவரோடு குந்தியிருந்து, முறை மாறி மாறி நித்திரை கொண்டார்கள். ஒரு தண்ணீர்க் குழாய். உயரத்தில் ஒரு ஜன்னல். இருமுகிறவனின் மூச்சு அடுத்தவனின் முகத்தில்தான் விழும். மறியலுக்குள்ளும் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் அங்கே கட்டிலில் நோயில்லாத காசுக்காரக் கைதிகள் படுத்திருந்தார்கள். கசத்துக்குக் குளிசை சில கிழமை வரும், சில கிழமை வராது. கிளினிக்குக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை, காவல் இல்லை என்பார்கள். நாங்கள் பார்க்கப் போனால் இரண்டு கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தவேண்டும். காவலர்களும் இருமினார்கள். அவர்களும் பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கியிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் றெஜிக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் பியசேன. கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், காய்ச்சிப் பிடிபட்டு, தண்டம் கட்ட வழியில்லாமல் திரும்பத் திரும்ப உள்ளே வந்த சிங்கள ஆள். அவனைப் பார்க்க யாரும் வருவதில்லை. நான் கொண்டுபோகிற பார்சலை இருவரும் தின்பார்கள். வலைக்குப் பின்னால் நின்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்துவான்: "அம்மே, பயம் வேணாம்! மகன் நான் பாக்கிறது!"

அன்றைக்கு றெஜி ஒரு இடியப்பம் தின்றான். சொதியை இரண்டு முறை கேட்டு வாங்கினான். மகளுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. மிஸி ஒரு சின்னக் கிண்ணத்தில் குளிசைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. அப்படி நம்பி வைத்துவிட்டுப் போனது எனக்குப் புதுமையாக இருந்தது. அங்கே என்றால் நிறுத்தி வைத்து அதட்டிக் கொடுப்பார்கள். இங்கே மனிதனை மனிதனாக நினைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மகளுக்கு லீவு இல்லை. மருமகனும் வேலைக்குப் போகவேண்டும். என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும், எல்லாரும் இறங்குகிற இடத்தில் இறங்குங்கோ என்று மகள் சொல்லிவிட்டாள். இரண்டு பஸ்ஸை ஒட்டி நடுவில் துருத்தி வைத்ததுபோல ஒரு நீளமான பஸ். வளைவில் திரும்பும்போது முன்பாதி ஒரு தெருவிலும் பின்பாதி இன்னொரு தெருவிலும் போனது. துருத்திக்குப் பக்கத்தில் இருந்த என் வயிறு எந்தத் தெருவில் போனது என்று தெரியவில்லை.

பாதி வழியில் பஸ் நின்றது. ஒரு குரல் ஏதோ சொன்னது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லோரும் இறங்குகிறார்களே என்று நானும் இறங்கினேன். பார்த்தால் ஆஸ்பத்திரி இல்லை. கோழி பொரிக்கிற கடையும் உடுப்புத் தோய்க்கிற கடையும்தான் இருந்தன. பஸ் வெறுமையாகத் திரும்பிப் போய்விட்டது. மழை தூறியது. சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, யாரிடமும் கேட்க வாய் வராமல் நின்றேன். பார்க்கும் நேரம் முடிந்துவிடுமோ, அவன் சாப்பிடாமலே கிடப்பானோ என்று பயந்தேன். செபமாலையை உருட்டத் தொடங்கினேன்.

தலையில் பெரிய துணி கட்டிய ஒரு ஆபிரிக்க மனிசி என் செபமாலையைப் பார்த்தா. தன் கழுத்துச் சிலுவையை எடுத்துக் காட்டினா. நான் என் நெஞ்சில் கை வைத்து, இருமிக் காட்டி, படுத்திருப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்னொரு பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறி, வழி முழுக்கச் சத்தமாகக் கதைத்தா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் தமிழில் கதைத்தேன். அவ்வளவு கதைத்து எனக்குக் கனகாலம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, சாப்பாட்டுப் பையை மோந்து பார்த்து வயிற்றைத் தட்டிச் சிரித்துவிட்டுப் போனா.

உள்ளே போனபோது றெஜி எனக்காகக் காத்திருந்தான். கதவுக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, மெத்தைக்குக் கீழே கை விட்டு ஒரு காலுறையை எடுத்தான். முடிச்சுப் போட்டிருந்தது. கனமாக இருந்தது.

"அம்மா, இதை உங்கட பைக்குள்ளை வையுங்கோ. அக்காவுக்குக் காட்டாதேங்கோ."

"என்னடா இது?"

"குளிசை. கிளினிக்கிலை தரேக்கையிருந்து சேத்தனான். ஊருக்குப் போகேக்கை கொண்டுபோய்ப் பியசேனவுக்குக் குடுங்கோ."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அவனே சொன்னான். கிண்ணத்தில் வருகிற சிவப்புக் குளிசையை மட்டும் விழுங்குவானாம். அதைக் குடித்தால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதைப் பார்த்து எல்லாம் குடிக்கிறான் என்று நினைப்பார்களாம். மற்றவற்றை, யாராவது பார்த்துக்கொண்டு நின்றால், நாக்குக்குக் கீழே ஒதுக்கிவிடுவானாம். மறியலில் பழகிய வேலை. அங்கே குளிசை குறைந்த கிழமைகளில் இருவரும் பாதி பாதியாகப் பிரித்துத்தான் குடித்தார்களாம்.

"ராசா, உனக்கு இரத்தம் வருகுதெல்லோ."

"எனக்கு இஞ்சை நாளைக்கும் தருவினம் அம்மா. உள்ளுக்கை கிடக்கிற அவனுக்கு ஆர் தரப்போகினம்? எனக்குக் காய்ச்சல் எண்டால் தன்ரை முறையிலை என்னைப் படுக்கவிட்டிட்டு விடிய விடியக் குந்தியிருந்தவன். அவனும் இரத்தமாய்த் துப்பினதைப் பாத்திட்டு வந்தனான்."

காலுறையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறியலில் ஒருவன் ஒளித்துத் தருவதை வாங்கி வெளியே கொண்டுபோவது எனக்குப் பழக்கம்தான். கடிதங்கள் எத்தனையோ கொண்டுபோயிருக்கிறேன். றெஜி வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டான். அதுதான் என்னைக் குழப்பியது.

அன்றிலிருந்து அந்தப் பையை நான் கையை விட்டு இறக்கவில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகள் வடை தேடி என் பையைத் துழாவுகிறவர்கள். குளிக்கப் போனாலும் பையோடு போனேன். "மாமியின்ரை பைக்குள்ளை என்ன, லண்டன் பவுணே?" என்று மருமகன் பகிடி பண்ணினார். நான் சிரிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். தமிழில் பூசை. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த சனம் கோவில் நிறைய இருந்தது. பூசை முடிந்து தேத்தண்ணி கொடுத்தார்கள். எங்கள் குருநகர்ப் பக்கத்து மனிசி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டா.

"மகன் ஆஸ்பத்திரியிலையாம். என்ன வருத்தம் அக்கா?"

"நெஞ்சிலை சளி," என்றேன்.

"சளிக்கு இவ்வளவு காலமே?"

ஜெனிற்றா குறுக்கே வந்து, "அன்ரி, இந்த ஊர்க் குளிருக்கு எல்லாம் இழுபடும்," என்று கதையை மாற்றினாள். அந்த மனிசியும் விடவில்லை. "மறியலிலை இருந்த பிள்ளையளுக்கெல்லாம் இந்தச் சளிதான் பிள்ளை. என்ரை தம்பியின்ரை மகனையும் இந்தச் சளிதான் கொண்டுபோனது," என்றா. எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திங்கட்கிழமை டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். இளம் ஆள், வெள்ளைக்காரர். மகள் மொழிபெயர்க்கக் கூடாதாம், வெளியாள்தான் செய்யவேண்டுமாம். மேசையில் ஒரு டெலிபோன் வைத்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. இந்தியத் தமிழ்.

"அம்மா, வணக்கம்மா. டாக்டர் சொல்றதை அப்படியே சொல்றேன். இந்த மாத்திரைங்க வேலை செய்யலையாம். கிருமிக்கு மருந்து பழகிப்போச்சுன்னு நினைக்கிறாங்க. இனிமே ஊசிதான். ரொம்ப நாள் போடணும். அதனால காது கேக்காம போகலாம். அதுவும் சரிப்படலைன்னா, நெஞ்சைத் திறந்து நுரையீரல்ல ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும்."

பை என் மடியில் இருந்தது. உள்ளே காலுறை ஒரு குழந்தையின் தலைபோலக் கையில் தட்டுப்பட்டது.

"அம்மா, டாக்டர் கேக்கிறாங்க. உங்க பையன் மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாரா? உங்ககிட்ட எதுவும் சொன்னாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம், ஒழுங்காய்க் குடிக்கிறான்," என்றேன்.

குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. டொக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மகள் அழுதாள். கார் விட்ட இடத்தில் நேரம் முடியப்போகிறது, மாற்றி விட்டுவிட்டு வாறன் என்று போனாள். நான் றெஜியின் அறைக்கு எதிரே போட்டிருந்த கதிரையில் இருந்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

மறியலில் காவலரிடம் போய்ச் சொன்னவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் படுக்க முறை கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் இடம் கிடையாது. அவனைப் பார்க்க வருகிற தாயோடுகூட மற்றத் தாய்மார் கதைக்கமாட்டார்கள். நாங்களும் கதைக்காமல் விட்டிருக்கிறோம். கண்ணாடிக்குப் பின்னால் என் பிள்ளை இருமினான். சத்தம் வரவில்லை. தோள் இரண்டும் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

எழும்பிப் போனேன். கிரேஸ் மிஸி தன் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தா. காலுறையை எடுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்துக் கவிழ்த்தேன். குளிசைகள் மேசை முழுக்கக் கொட்டி நிலத்திலும் உருண்டன. "றெஜி," என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அவ கையை வாயில் வைத்தா. பிறகு கதிரையை இழுத்து என்னை இருத்தி, தோளைப் பிடித்துக்கொண்டு டொக்டரைக் கூப்பிட்டா. நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று முதுகுக்குத் தெரிந்தது.

மறுபடி அந்த டெலிபோன் குரல் வந்தது. இந்தமுறை நான் எல்லாம் சொன்னேன். டொக்டர் கோபிக்கவில்லை. மருந்து தோற்றுப்போகவில்லை, மருந்து உள்ளே போகவேயில்லை என்றால் கதை வேறாம். இன்னும் வழி இருக்கலாமாம், இல்லாமலும் போகலாமாம். புதிதாகச் சளி எடுத்துப் பார்க்கவேண்டும். ஊசியைக் கொஞ்சம் பொறுத்துப் போடுவார்களாம். பியசேனவுக்கு இதைக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டேன். குரல் திரும்பி வர நேரம் எடுத்தது. "கூடாதும்மா. பாதி பாதியா சாப்பிட்டா ரெண்டு பேரையும் அதுவே கொன்னுடும்னு டாக்டர் சொல்றாங்க. அவருக்கு அவரோட டாக்டர்தான் தரணும்." அவரோட டாக்டர். மறியலில் அவனுக்கு எந்த டொக்டர்!

மகள் வந்ததும் என் மேல் பாய்ந்தாள். "எத்தினை நாளாய் இதைக் காவிக்கொண்டு திரிஞ்சனீங்கள்? பிள்ளையள் இருக்கிற வீட்டிலை! உங்களுக்கு மண்டைக்குள்ளை ஒண்டுமில்லையே?" அழுகையும் பேச்சுமாக அவள் முடிக்கும்வரை தலை குனிந்து நின்றேன்.

உள்ளே போனோம். றெஜி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"காட்டிக் குடுத்திட்டீங்கள்," என்றான்.

அடுத்து வந்த நாட்களில் நான் கொண்டுபோன சாப்பாட்டை அவன் தொடவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் பாண் ரொட்டியை மட்டும் தின்றான். நான் கதிரையில் இருப்பேன். அவன் டிவியைப் பார்ப்பான். சத்தம் இல்லாமல் படம் மட்டும் ஓடும். மிஸி இப்போது குளிசையை வைத்துவிட்டுப் போவதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தா. அவன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு அவவுக்கு வாயைக் காட்டிவிட்டு மறுபடி திரும்பிப் படுப்பான். திரும்புகிற பஸ்ஸில் காலுறை இல்லாத பையோடு இருப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது.

இதற்கிடையில் ஜெனிற்றா ஒரு வேலை செய்தாள். என்னைத் திட்டிய அதே பிள்ளைதான். எங்கள் கோவில் பாதிரியார் பங்குச் சுவாமியைப் பிடித்து, கொழும்பில் மறியல்களுக்குப் போய்வருகிற ஒரு சுவாமியின் போன் நம்பர் வாங்கி, அவரோடு கதைத்தாள். பியசேனவின் பெயர், மறியலில் எந்த மண்டபம், எல்லாம் சொன்னாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு மறுமொழி சொன்னார்.

அதைக் கேட்டபிறகு அவள் என்னிடம், "இதை அவனுக்குச் சொல்லாதேங்கோ அம்மா. இப்பதான் குடிக்கிறான்," என்றாள். நானும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன். பொய் சொல்லலாம். நல்ல சுகமாய் இருக்கிறானாம் என்று சொல்லலாம். ஆனால் ஒருமுறை காட்டிக் கொடுத்தவளின் பொய்யை இன்னொருமுறை ஆர் நம்புவது?

"தம்பி," என்றேன். "பியசேன அங்கை இல்லையாம். வேறை மறியலுக்கு மாத்திப்போட்டினமாம். எந்த மறியல் எண்டு ஒருத்தரும் சரியாய்ச் சொல்லேல்லை. மருந்து எழுதின துண்டும் அவனோடை போகேல்லையாம். சுவாமி தேடிக்கொண்டிருக்கிறார்."

அவன் டிவியைப் பார்த்தபடி இருந்தான். கூரைப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இனி எழும்பி நடக்கப்போகிறான், கதவைத் திறக்கப்போகிறான், கோர்ட்டும் பொலிசும் வரப்போகிறது என்று கதவைப் பார்த்தேன்.

அந்த நேரம் மிஸி கிண்ணத்தோடு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. றெஜி எழும்பிக் கட்டிலின் ஓரத்தில் இருந்தான். கிண்ணத்தை வாங்கினான். சிவப்பை விழுங்கினான். மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு விழுங்கினான். மிஸி வாயைத் திறக்கும்படி சைகை செய்தா. அவன் அவவின் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினான். மறியலில் சோதனைக்கு நிற்பவனைப்போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பக்கமும் புரட்டிக் காட்டினான்.

"பாத்திட்டீங்களே?" என்றான்.

குனிந்துவிடத்தான் மனம் வந்தது. எழும்பிக் கிட்டப் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாக்குக்குக் கீழே பார்த்தேன். கன்னக் கொடுப்புக்குள் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"பாத்தன்," என்றேன். "நாளைக்கும் வந்து பாப்பன்."